எஞ்சின் மூடிக்கு வர்ணமா, தூள் பூச்சா?

விடியற்காலையில் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு ஆகிய எல்லை ஊர்களுள் ஏதேனும் ஒன்றில் மலைப்பாதையோரம் சற்று நின்றால் ஒரு காட்சியைக் காணலாம். தேனி மாவட்டத்துச் சமவெளியிலிருந்து ஏலத் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இடுக்கி மலைகளை நோக்கி ஏறும். மாலையில் அவையே மீண்டும் இறங்கும். அந்த ஜீப் ஒன்று நடுவழியில் நின்றுவிட்டால் அன்றைய கூலி அத்தனை பேருக்கும் போயிற்று. ஆதலால் இவ்வெல்லைப் பகுதிகளில் வண்டிப் பட்டறை என்பது வைத்தியசாலைக்கு அடுத்தபடியான அவசியம் என்று சொன்னால் அது மிகையாகாது.

வடக்கே பாலக்காட்டு எல்லைக்கு வருவோம். அங்கே மலை இல்லை. மலைத்தொடரில் இயற்கை விட்டுவைத்த ஒரு வாயில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் நடுவே 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமாகத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியே கோயமுத்தூருக்கும் கேரளத்துக்கும் இடையே லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. வாளையாறு, கஞ்சிக்கோடு, கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் என்று அவ்வழிகளில் வரும் ஊர்களிலெல்லாம் தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் பட்டறைகளைக் காணலாம். இந்த இரு எல்லைகளிலும் உள்ள பட்டறைக்காரர்களும் வண்டிக்காரர்களும் இப்போது அடிக்கடி எழுப்பும் ஒரு கேள்வியையே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்டோம். எஞ்சினைப் பிரித்துச் செப்பனிடும்போது அதன் மூடிகளுக்கு வழக்கம்போல் வர்ணம் அடிப்பதா, அல்லது பவுடர் கோட்டிங் எனப்படும் தூள் பூச்சுக்கு அனுப்புவதா என்பதே அக்கேள்வி.

கேள்வி சிறியதாகத் தோன்றலாம். வண்டியின் முகப்பை எல்லோரும் பார்க்கிறார்கள். பானட்டுக்கு அடியில் இருக்கும் மூடியை யார் பார்க்கப் போகிறார்கள் என்று சிலர் கேட்கக்கூடும். ஆனால் மூடியின் வேலை அழகு காட்டுவது மட்டுமன்று. எஞ்சினின் தலைமேல் இருக்கும் டாப்பெட் கவர், முன்புறம் உள்ள டைமிங் கவர் ஆகியவை உள்ளே தெறிக்கும் எண்ணெயை வெளியே விடாமல் காக்கின்றன. வெளியே உள்ள தூசியையும் நீரையும் உள்ளே விடாமல் தடுக்கின்றன. அம்மூடி துருப்பிடித்தாலும், அதன் விளிம்பு ஒழுங்காகப் பொருந்தாமற் போனாலும் எண்ணெய் கசியும். கசிந்த எண்ணெய் பக்கத்திலுள்ள புகைக்குழாயின் மேல் விழுந்தால் முதலில் நாற்றம், பிறகு புகை, சில வேளைகளில் நெருப்பு. பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் ஏறும் வண்டியில் இது விளையாட்டு விஷயமல்ல.

மூடிக்குப் பூச்சு வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. தகட்டை அழுத்திச் செய்த இரும்பு மூடி பூச்சின்றி விட்டால் துருப்பிடிக்கும். வார்ப்பு அலுமினிய மூடி துருப்பிடிக்காது என்றாலும், ஈரத்திலும் உப்பிலும் வெண்மையாகப் பூத்துச் சொரசொரத்துப் போகும். நல்ல பூச்சுக்கு இன்னொரு பயனும் உண்டு. வழவழப்பான பரப்பில் எண்ணெய் எங்கிருந்து கசிகிறது என்பது உடனே தெரியும். அழுக்குப் படிந்து கறுத்த பரப்பில் அது மறைந்து கிடக்கும். இத்தாலிய நாட்டுப் பெராரி கம்பெனி 1950களில் செய்த ஒரு பந்தயக் காருக்கு 'டெஸ்டா ரோஸா', அதாவது 'செந்தலை' என்று பெயர் வைத்தது. அதன் எஞ்சின் தலைமேல் இருந்த மூடிகளுக்குச் சிவப்பு வர்ணம் அடித்திருந்ததே காரணம். ஒரு மூடியின் வர்ணம் வண்டிக்கே பெயர் தந்த கதை இது.

பூச்சின் வரலாற்றையும் சிறிது பார்ப்போம். மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் எண்ணெய் வார்னிஷையே பூசினார்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் பல பூச்சுகள் பூசி, தேய்த்து, காய வைத்து, ஒரு வண்டி வெளிவர வாரக்கணக்கில் ஆகும். அமெரிக்காவில் போர்டு கம்பெனி தன்னுடைய புகழ்பெற்ற டி மாடல் வண்டியை 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்றது. 1920களில் டூபாண்ட் கம்பெனி 'டூகோ' என்ற நைட்ரோ செல்லுலோஸ் வர்ணத்தைக் கொண்டுவந்தது. அது விரைவில் காய்ந்தமையால் வாரக்கணக்கான வேலை நாட்கணக்காகச் சுருங்கிற்று. இன்றும் நம் பட்டறைகளில் எந்தக் கம்பெனியின் வர்ணமாயினும் 'டூகோ அடிப்பது' என்றே சொல்லும் வழக்கம் அங்கிருந்து வந்ததுதான்.

தூள் பூச்சு அதற்குப் பின் வந்தது. 1950களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் எர்வின் கெம்மர் என்ற விஞ்ஞானி ஒரு முறையைக் கண்டார். தொட்டியில் பிசின் தூளை இட்டு, அடியிலிருந்து காற்றைச் செலுத்தினால் தூள் நீர்போல் ததும்பி நிற்கும். அதில் சூடேற்றிய உலோகப் பொருளை முக்கினால் தூள் அதன்மேல் ஒட்டி உருகிப் படியும். இம்முறையில் பூச்சு மிகக் கனமாக அமைந்தது. 1960களில் மின்னேற்றம் தந்து தூளைத் தூவும் முறை வந்த பிறகே மெல்லிய பூச்சு கைகூடியது. இப்போது நாம் பார்க்கும் இரும்பு நாற்காலி, கதவு, சைக்கிள் சட்டம், குளிர்சாதனப் பெட்டியின் உடல் முதலியவற்றில் மிகுதியானவை இவ்வாறு தூள் பூச்சுப் பெற்றவையே.

இனி இரண்டும் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதைக் காண்போம். திரவ வர்ணத்தில் மூன்று பொருள்கள் முக்கியமானவை. நிறம் தரும் பொடி ஒன்று. அதைப் பிடித்து வைக்கும் பிசின் ஒன்று. இவை இரண்டையும் இளக்கி ஓடச் செய்யும் கரைப்பான் ஒன்று. இந்தக் கரைப்பானையே பட்டறையில் தின்னர் என்கிறோம். வர்ணத்தைத் துப்பாக்கியில் இட்டுக் காற்றழுத்தத்தால் தூவியதும் தின்னர் ஆவியாகி வெளியேறுகிறது. பிசினும் நிறமும் மட்டும் உலோகத்தின் மேல் நிற்கின்றன. தூவுவதற்கேற்ப இளக்கிய டூகோவில் பாதிக்கு மேல் தின்னரே. அதாவது வாங்கிய பொருளில் பெரும்பகுதி காற்றில் போய்விடுகிறது. அந்தக் காற்றைத்தான் வர்ணம் அடிப்பவர் சுவாசிக்கிறார்.

தூள் பூச்சில் தின்னர் கிடையாது. பிசின், நிறம், கெட்டியாக்கும் பொருள் ஆகியவற்றை உருக்கிக் கலந்து, ஆறவைத்து, மாவாக அரைத்து வைத்திருப்பார்கள். தலை சீவிய சீப்பு சிறு காகிதத் துண்டுகளை இழுப்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். தூள் பூச்சின் தத்துவமும் அதுவே. துப்பாக்கியின் முனையில் 60,000 முதல் 1,00,000 வோல்ட் வரை மின்னழுத்தம் தருகிறார்கள். மின்னோட்டமோ மிக மிகச் சிறியது. அதைக் கடந்து வரும் தூள் துகள்கள் மின்னேற்றம் பெறுகின்றன. மூடியை ஒரு கொக்கியில் தொங்கவிட்டு அதைப் பூமியுடன் இணைத்திருப்பார்கள். துகள்கள் அதை நாடிச் சென்று, முன்புறம் மட்டுமின்றி ஓரங்களைச் சுற்றிப் பின்புறத்தையும் ஓரளவு பற்றிக்கொள்ளும். கீழே சிந்திய தூளைச் சலித்து மறுபடியும் பயன்படுத்தலாம் என்பது இதன் பெரிய சிக்கனம்.

பிறகு மூடியை அடுப்பில் ஏற்றுவார்கள். உலோகமே 180 முதல் 200 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாகி, அச்சூட்டில் 10 முதல் 20 நிமிடம் நிற்க வேண்டும். அப்போது தூள் உருகி ஓடி ஒரே படலமாகிறது. உள்ளே மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைகின்றன. இவ்விடத்தில் சமையலறை உவமை ஒன்று பொருந்தும். வெல்லத்தைக் காய்ச்சினால் உருகும், ஆறினால் கெட்டியாகும், மீண்டும் காய்ச்சினால் மீண்டும் உருகும். டூகோ வர்ணம் இவ்வினத்தைச் சேர்ந்தது. காய்ந்த பிறகும் தின்னர் பட்டால் கரைந்துவிடும். இட்லியோ அப்படியன்று. மாவு வெந்து இட்லியான பிறகு எத்தனை முறை சூடேற்றினாலும் மாவாகத் திரும்பாது. அடுப்பில் வெந்த தூள் பூச்சு இட்லியின் இனம். ஆகவேதான் எண்ணெய்க்கும் டீசலுக்கும் அது எளிதில் இளகுவதில்லை. கெட்டியாக்கி சேர்த்து அடிக்கும் இரண்டு டப்பா வர்ணமும், அதாவது பாலியுரிதேன் வர்ணமும், இதே இனந்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பூச்சின் கனத்தை மைக்ரான் என்ற அளவால் குறிப்பார்கள். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். திரவ வர்ணம் ஒரு தடவைக்கு 20 முதல் 40 மைக்ரான் வரை படியும். தூள் பூச்சு ஒரே தடவையில் 60 முதல் 80 மைக்ரான் வரை படியும். கனம் அதிகம் என்பதால் சிறு கல் அடிபடுவதையும், பட்டறையில் ஸ்பானர் நழுவி விழுவதையும் தூள் பூச்சு நன்றாகத் தாங்கும். ஆனால் இதே கனம் சில இடங்களில் கேடாக முடிவதும் உண்டு. அதைச் சற்றுப் பின்னர்ச் சொல்லுவோம்.

நம்முடைய இரு எல்லைகளின் தட்பவெப்பமும் இங்கே வழக்கில் சாட்சி சொல்ல வருகிறது. இடுக்கி மலைகளில் தென்மேற்குப் பருவ மழையும், அது ஓய்ந்த பின் வடகிழக்குப் பருவ மழையும் பெய்யும், இடையில் மூடுபனி. ஈரம் மிகுந்த காற்றில் டூகோ அடித்தால் தின்னர் ஆவியாகும் வேகத்தில் பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள நீராவி அதன்மேல் படிந்து, வர்ணம் பால் கலந்ததுபோல் வெளுத்துப் போகும். மலைப் பட்டறைக்காரர்கள் மெதுவாக ஆவியாகும் தின்னரைச் சிறிது சேர்த்து இதைச் சமாளிப்பார்கள். பாலியுரிதேன் வர்ணத்தின் கெட்டியாக்கியோ ஈரத்தோடு சேர்ந்து வாயுவை உண்டாக்கும். படலத்தில் நுண்ணிய கொப்புளங்கள் தோன்றும். பாலக்காட்டில் கதை வேறு. கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும் நாள்களும் உண்டு. கணவாயின் காற்றோ ஓயாது. துப்பாக்கியிலிருந்து புறப்பட்ட வர்ணத்துளி மூடியைச் சேருமுன்பே பாதி காய்ந்து, பரப்பு உப்புத்தாள்போல் சொரசொரக்கும். ஈரமாக விழுந்த வர்ணத்தின் மேலோ காற்றிலுள்ள புழுதி வந்து ஒட்டும்.

அப்படியானால் தூள் பூச்சே வெற்றி பெற்றது என்று முடிவு செய்துவிடலாமா? அதுவும் முடியாது. தூளுக்கும் ஈரம் ஆகாது. நீர்வாங்கிய தூள் கட்டி கட்டியாகித் துப்பாக்கியை அடைக்கும். அதிகச் சூட்டில் வைத்தாலும் கட்டிதட்டும். ஆகவே தூளை உலர்ந்த, குளிர்ந்த அறையில் மூடி வைக்க வேண்டும். மேலும் அடுப்பு, மின்கருவி, தூளைச் சேர்த்தெடுக்கும் அறை இவையெல்லாம் மலையோரத்துச் சிறு பட்டறைக்குக் கட்டுப்படியாகாதவை. ஆதலால் மூடியைக் கழற்றிக் கீழே பெரிய ஊருக்கு அனுப்ப வேண்டியதாகிறது. பாலக்காட்டு எல்லைக்காரர்களுக்குக் கோயமுத்தூர் கூப்பிடு தூரம். பம்பும் மோட்டாரும் வார்ப்படமும் செழித்த அந்நகரில் தூள் பூச்சுத் தொழிலும் பரவியிருக்கிறது. மலைமேல் இருப்பவருக்கோ மூடி போய் வரும் நாள்களெல்லாம் வண்டி ஓடாத நாள்கள்.

இன்னொரு வேறுபாட்டையும் மறக்கலாகாது. வர்ணத்தில் கீறல் விழுந்தால் சிறு தூரிகையால் தொட்டுச் சரி செய்துவிடலாம். தூள் பூச்சில் அது இயலாது. அதே தூளைத் தூரிகையால் பூச முடியாதல்லவா? கீறலைக் கவனியாமல் விட்டால் ஈரம் அதன் வழியே உள்ளே புகுந்து, கனத்த படலத்தின் அடியில் புழு ஊர்ந்த தடம்போல் அரிப்புப் பரவும். வெளிப்பார்வைக்குப் பூச்சு முழுமையாக இருப்பதால் நோய் முற்றிய பிறகே தெரியவரும். இடுக்கியின் ஈரக்காற்று இவ்வகை அரிப்புக்கு மிகவும் இணக்கமானது. எனவே தூள் பூச்சுப் பெற்ற மூடியிலும் கீறல் விழுந்தால் அவ்விடத்தைச் சுத்தம் செய்து, பொருத்தமான வர்ணத்தால் உடனே மூடிவிடுவதே அறிவுடைமை.

வார்ப்பு அலுமினிய மூடிகளுக்கென்று ஒரு தனி இடைஞ்சல் இருக்கிறது. வார்ப்படத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. பல ஆண்டு ஓடிய மூடியின் துளைகளில் எண்ணெயும் காற்றும் ஈரமும் அடைந்து கிடக்கும். அடுப்பில் ஏற்றியதும் இவை விரிந்து வெளியே வரப் பார்க்கும். அதே நேரத்தில் மேலே தூள் உருகிக்கொண்டிருக்கும். பொரியும் அப்பளம்போல் பரப்பெங்கும் கொப்புளமும் ஊசித்துளையும் தோன்றும். இதற்கு மருந்து எளியது. மூடியை நன்றாகக் கழுவி, தூள் தூவுமுன் வெறும் மூடியாகவே அடுப்பில் ஏற்றி, பின்னர் வேகவைக்கப்போகும் சூட்டைவிடச் சற்று அதிகமான சூட்டில் அரைமணி நேரம்போல் வைத்தால் அடைபட்டவை வெளியேறிவிடும். பிறகு மீண்டும் துடைத்துப் பூச வேண்டும். அவசர வேலைக்காரர் தாண்டிவிடும் படி இதுவே. மூடியைக் கொடுக்கும்போதே இதைக் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

கனத்தைப் பற்றிச் சொல்வதாகக் கூறினோம். மூடியின் விளிம்பும் எஞ்சின் தலையும் சேரும் இடத்தில் பேக்கிங் வைக்கிறோம். அந்த விளிம்பின் முகத்தில் தூள் பூச்சு ஏறிவிட்டால், போல்ட்டை முறுக்கும்போது இறுகியதுபோல் தோன்றும். எஞ்சின் சூடேறி ஆறும்போது பூச்சு நசுங்கி, போல்ட்டின் பிடி தளரும். எண்ணெய் கசியத் தொடங்கும். போல்ட்டின் தலை உட்காரும் இடத்திலும் இதே தொல்லை. மரையிட்ட துளைகளில் பூச்சு ஏறினால் போல்ட் ஏறாது. பலவந்தமாக ஏற்றினால் மரை போய்விடும். மூடியின் வழியாகப் பூமி இணைப்புப் பெறும் மின்கருவி ஏதேனும் இருந்தால், பூச்சு மின்சாரத்தைத் தடுத்து அதை வேலை செய்யவிடாது. ஆகவே இவ்விடங்களையெல்லாம் சூடு தாங்கும் ஒட்டுநாடாவாலும் சிலிக்கோன் ரப்பர் அடைப்பாலும் மறைத்த பின்பே தூவ வேண்டும். வர்ணம் அடிப்பவரும் இப்படி மறைக்க வேண்டியவரே. ஆனால் அவர் தவறினால் தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிடலாம். தூள்காரர் தவறினால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அதை நாம் நேரில் கண்டோம். எல்லை ஊர் ஒன்றின் பட்டறையில், தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஒரு ஜீப்பின் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அதன் டாப்பெட் கவர் புதிதாகச் சிவப்புத் தூள் பூச்சுப் பெற்றுக் கண்ணாடிபோல் மின்னியது. மூடியைப் பொருத்தி ஒரு வாரம் ஓடுவதற்குள் எஞ்சின் தட்டத் தொடங்கிவிட்டதாம். பேரிங்குகளைக் கழற்றிப் பார்த்த முதிய மேஸ்திரி ஒன்றும் பேசாமல் எண்ணெயை விரலால் தொட்டு நம் உள்ளங்கையில் தேய்த்துக் காட்டினார். மணல் உறுத்திற்று. பக்கத்தில் நின்ற ஓட்டுநர், "மூடி புதுசாத்தான் இருக்கு ஐயா, எஞ்சின்தான் பழசாயிடுச்சு" என்று சொல்லிச் சிரிக்க முயன்றார். அந்த ஜீப் ஒன்றே அவர் குடும்பத்தின் ஜீவனம். அன்றைக்கு அவர் வண்டியில் ஏறவேண்டியவர்கள் வேறு வண்டிகளில் இடம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நடந்தது இதுதான். தூள் பூச்சுக்கு முன் பழைய வர்ணத்தையும் துருவையும் போக்க மூடியின் மேல் காற்றழுத்தத்தால் மணல்போன்ற துகளை வீசுவார்கள். பல டாப்பெட் கவர்களின் உட்புறம் எண்ணெய் தெறிப்பைத் தடுப்பதற்காக ஒரு தடுப்புத் தகடு பொருத்தப்பட்டிருக்கும். எஞ்சின் மூச்சுவிடும் வழியும் அதன் வழியாகவே செல்லும். வீசிய துகள் அத்தகட்டின் பின்னால் புகுந்து தங்கிவிட்டது. எஞ்சின் ஓடியதும் எண்ணெய் அதைக் கழுவி எடுத்துச் சென்று பேரிங்குகளில் சேர்த்துவிட்டது. பூச்சில் குற்றமில்லை, பூச்சுக்கு முன் செய்த வேலையில் குற்றம். தடுப்புத் தகட்டைக் கழற்ற முடியுமானால் கழற்றிவிட்டே துகள் வீச வேண்டும். ரிவெட் அடித்த தகடாகிக் கழற்ற முடியாமல் இருந்தால், துகள் வீசுவதையே தவிர்த்து, மருந்து நீரில் ஊறவைத்துக் கழுவுவதே பாதுகாப்பு. அதுவும் இயலாவிடில் கையால் தேய்த்து வர்ணம் அடிப்பது நன்று. அழகு சற்றுக் குறைந்தாலும் எஞ்சின் பிழைக்கும்.

இனி எந்தப் பாகத்துக்கு எது என்பதை வகைப்படுத்திச் சொல்வோம். தகட்டு இரும்பு மூடிக்கு நுண்துளை இல்லை, சூட்டால் நெளியாது, அதற்குத் தூள் பூச்சு மிகவும் ஏற்றது. வார்ப்பு அலுமினிய மூடிக்கு, முன்சூடு கொடுத்துச் செய்வதானால் தூள் பூச்சு. இல்லையேல் நல்ல பிரைமரும் பாலியுரிதேன் வர்ணமும். மக்னீசியம் கலந்த மூடிகள் சில வண்டிகளில் உண்டு; அவற்றின் அரிப்பும் தயாரிப்பும் தனிக் கலை; தேர்ந்தவரிடமன்றிக் கொடுக்கலாகாது. இக்காலக் கார்களில் பல மூடிகள் பிளாஸ்டிக்கினால் ஆனவை. அவை மின்சாரத்தைக் கடத்தா; அடுப்பில் நெளியவும் கூடும். அவற்றுக்கு வேண்டுமாயின் வர்ணமே வழி. காற்றால் குளிரும் எஞ்சினின் விசிறி மடிப்புகளில் பூச்சு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நன்று. அங்கே மெல்லிய வர்ணம் போதும். புகைக்குழாய்க்கும் அதன் கிளைகளுக்கும் சாதாரணத் தூளும் ஆகாது, சாதாரண வர்ணமும் ஆகாது. சிலிக்கோன் கலந்த சூடு தாங்கும் வர்ணமே நிற்கும்.

தூளிலும் இனம் உண்டு. எபாக்சித் தூள் எண்ணெய்க்கும் இரசாயனங்களுக்கும் அசையாது. ஆனால் வெயிலில் சுண்ணாம்புபோல் வெளுக்கும். பாலியெஸ்டர் தூள் வெயிலைத் தாங்கும். பானட்டுக்குள் மறைந்திருக்கும் மூடிக்கு எபாக்சியோ இரண்டும் கலந்ததோ போதுமானது. வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் பக்க மூடிக்குப் பாலியெஸ்டரே தக்கது. ஓடும் எஞ்சினில் எண்ணெய் ஏறத்தாழ 90 முதல் 110 டிகிரி வரை சூடாகும். 180 டிகிரியில் வெந்த பூச்சுக்கு இது பெரிய சூடன்று. ஆயினும் அடுப்பேற்றுமுன் ரப்பர் சீல், பேரிங், பிளாஸ்டிக் துண்டு அனைத்தையும் கழற்றிவிட வேண்டும். வீட்டில் சமைக்கும் அடுப்புப் பெட்டியில் பூச்சை வேகவைப்பது ஒருபோதும் கூடாது.

உழைப்பவரின் உடல்நலத்தையும் கணக்கில் சேர்க்காவிட்டால் நம் ஒப்பீடு நிறைவு பெறாது. பாலியுரிதேன் வர்ணத்தின் கெட்டியாக்கியில் ஐசோசயனேட் என்ற பொருள் இருக்கிறது. அதன் நுண்துளிகளைச் சுவாசிப்பவருக்குத் தீராத இழுப்பு நோய் வரலாம். ஒருமுறை உடல் அதற்குக் கூசத் தொடங்கிவிட்டால் பிறகு சிறிதளவே போதும். முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொள்வது இதற்குக் காவலாகாது. வெளியிலிருந்து நல்ல காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடியே தக்க காவல். பழைய மஞ்சள், ஆரஞ்சு வர்ணங்களில் ஈயம் கலந்திருக்கலாம். வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்று இந்திய அரசு 2016இல் விதி செய்தது. பழைய வண்டியின் மேலிருக்கும் வர்ணத்துக்கு அந்த விதி எட்டாது. அதை உலரத் தேய்க்காமல் நீர்விட்டுத் தேய்ப்பது நன்று.

தூள் பூச்சுக் கூடத்திலும் அபாயம் இல்லாமலில்லை. காற்றில் அடர்ந்து மிதக்கும் தூள் ஒரு பொறியில் வெடித்துத் தீப்பற்றும். மாவு ஆலைகளில் நேர்வது போன்றது அது. ஆகவே காற்றோட்டமும் சரியான பூமி இணைப்பும் கட்டாயம். சில பாலியெஸ்டர் தூள்களில் சேர்க்கப்படும் கெட்டியாக்கி உடலுக்குக் கேடானது. மூக்கு மறைப்பின்றித் தூவலாகாது. உலோகம் துலக்க ஆற்று மணலை வீசுவது எல்லாவற்றிலும் கொடியது. அதிலுள்ள சிலிக்காத் தூசி நுரையீரலில் தங்கி, மீளா நோயாகிய சிலிகோசிஸைத் தரும். கண்ணாடி மணியோ அலுமினா துகளோ பயன்படுத்தும் கூடத்தையே நாம் ஆதரிக்க வேண்டும்.

மூடியைத் திரும்பப் பெறும்போது செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு. வெள்ளைத் துணியில் தின்னரை நனைத்து, உட்புற மூலை ஒன்றில் அழுத்திப் பல தடவை தேய்க்க வேண்டும். பூச்சு நன்கு வெந்திருந்தால் துணியில் நிறம் அநேகமாக ஏறாது, பரப்பும் பிசுபிசுக்காது. விலா எலும்புபோல் மடிப்புகள் உள்ள மூடியாயின் மடிப்புகளின் அடிமூலையைக் கவனிக்க வேண்டும். மின்னேற்றம் பெற்ற தூள் மேடுகளை நாடி, பள்ளங்களைத் தவிர்க்கும் இயல்புடையது. அங்கே உலோகம் வெளியே தெரியக்கூடும். பேக்கிங் முகத்தை விரலால் தடவி, வெறும் உலோகமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக மூடியைக் கவிழ்த்து, வெந்நீரும் சோப்பும் இட்டு அலசி, அந்த நீரை ஒரு வெள்ளைத் துணியில் வடிகட்ட வேண்டும். துணியில் ஒரு துகள் கண்டாலும் மறுபடியும் அலச வேண்டும்.

எல்லைச் சாலைகளில் ஓடும் வண்டிக்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. எஞ்சின் எண் பொறித்த இடத்தின் மேல் துகள் வீசுவதோ, கனமான பூச்சால் அதை மறைப்பதோ கூடாது. சோதனையின்போது எண் தெளிவாகத் தெரியாவிட்டால் நேர்மையான வண்டிக்காரரும் சந்தேகத்துக்கு ஆளாவார். சில மோட்டார் சைக்கிள்களில் அவ்வெண் எஞ்சினின் அடிப்பெட்டி மீதே இருப்பதால் அங்கே இரட்டைக் கவனம் வேண்டும்.

செலவைப் பற்றி ஒரு யோசனை. தூள் பூச்சுக் கூடத்தில் ஒரு மூடிக்கு அடுப்பு மூட்டினாலும் இருபது மூடிக்கு மூட்டினாலும் எரிபொருள் ஏறத்தாழ ஒன்றே. ஆகையால் ஒரு நிறுத்தத்தைச் சேர்ந்த ஜீப்காரர்கள் சிலர் ஒன்றுகூடி, மழைக்கு முந்திய கோடை மாதங்களில் தங்கள் மூடிகளை ஒரே நிறத்தில் சேர்த்தனுப்பினால் கூலி குறையும். எல்லா வண்டிகளும் ஒரே நாளில் நிற்காதபடி, உபரியாக ஒன்றிரண்டு பழைய மூடிகளை முதலில் பூசி வாங்கி, ஒவ்வொரு வண்டியாக மாற்றிக்கொண்டே வரலாம். அவசர வேலைக்கும், தொட்டுச் சரிசெய்யும் வேலைக்கும், அடுப்பைத் தாங்காத பாகங்களுக்கும் மலைப் பட்டறையின் வர்ணத் துப்பாக்கி எப்போதும் தேவைப்படும். ஆகவே ஒன்று வந்ததால் மற்றொன்று ஒழிந்துவிடும் என்று வர்ணக்காரர் அஞ்ச வேண்டியதில்லை.

வர்ணமா, தூளா என்ற கேள்விக்கு நம் விடை இதுதான்: பாகம் எந்த உலோகம், அது எவ்வளவு சூடாகும், வண்டி எந்தக் காற்றில் ஓடும், எத்தனை நாள் நிற்க முடியும் என்ற நான்கையும் முதலில் கேட்க வேண்டும். அதன் பின்னரே நிறத்தைக் கேட்க வேண்டும். எதைத் தேர்ந்தாலும், கழுவுதல், காயவைத்தல், மறைத்தல், துகள் நீக்குதல் என்னும் கண்ணுக்குத் தெரியாத வேலைகளே பூச்சின் ஆயுளையும் எஞ்சினின் ஆயுளையும் தீர்மானிக்கின்றன. நாளைக் காலையிலும் அந்த ஜீப்புகள் மலை ஏறும். அவற்றில் அமர்ந்திருப்பவர்கள் மூடியின் நிறத்தைப் பார்க்கப் போவதில்லை. ஆயினும் அதன் அடியில் ஒரு மணல் துகளும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட ஒருவரின் கவனத்தை நம்பியே அவர்கள் பயணம் செய்கிறார்கள்.